குளிர் வராத ஊரில் திராட்சைக் கொடி: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வேலியில் ஏறிய திராட்சைக் கொடி இரண்டு வருஷம் வெறும் இலையாகவே நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள், "இது என்ன கோவக்காயா, தம்பி?" என்று கேட்டேவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். மினசோட்டா, கனடா பக்கம் குடும்பமாகத் திராட்சை போடுகிறவர்களின் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தேன். அங்கே இலை உதிர்ந்து கொடி தூங்கும். குளிர் முடியும் தறுவாயில்தான் கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். அவசரப்பட்டு வெட்டினால் துளிர் முந்திக் கிளம்பி, வசந்தத்தில் வரும் உறைபனியில் கருகிவிடும். சரி, நானும் இலை உதிரட்டும் என்று காத்திருந்தேன். இங்கே எங்கே உதிர்வது?

நம் ஊரில் கொடி தூங்குவதே இல்லை. நுனி ஓடிக்கொண்டே இருக்கும், கீழே உள்ள கண்கள் (துளிர் வரும் மொட்டுகள்) விழிக்காது. குளிர் செய்கிற வேலையைக் கத்தரிதான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலும் பாலித் தீவின் வடக்கிலும் வருஷத்தில் ஒன்றுக்கு மேல் அறுவடை கிடைப்பது இந்தக் கவாத்தால்தான். பழுப்பேறி முற்றிய கிளையில் நாலைந்து கண் விட்டு வெட்டுங்கள். மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் துளிர் வரும். அதில் மூன்றாவது, நாலாவது இலைக்கு எதிரே மிளகை ஒட்டிவைத்த மாதிரி குட்டிப் பச்சைக் கொத்து தெரிந்தால், அதுதான் பூ. வெட்டியதிலிருந்து பழம் வர ஏறக்குறைய நாலு மாதம்.

ரகத்திலும் ஏமாறாதீர்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட 'மார்க்கெட்' (Marquette) என்ற ரகம் மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும். நம் 33 டிகிரி வெயிலில் அந்தத் திறமை எதற்கு? கம்பத்துப் பன்னீர் திராட்சை போன்ற வெப்பநாட்டு ரகமே போதும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் மாமா பெட்டிக்குள் குச்சி ஒளித்துக் கொண்டுவர வேண்டாம். அதற்கு இறக்குமதி அனுமதி வேண்டும்.

அங்கே எதிரி பனி, இங்கே மழை. அக்டோபர், நவம்பரில் பூக்கிற மாதிரி வெட்டினால் கொத்து அழுகிவிடும். வெட்டி நாற்பது நாள் வாக்கில் பூக்கும் என்பதால், மே கடைசியில் வெட்டினால் மழை சற்றுக் குறைந்த ஜூலையில் பூ. பந்தலுக்கு மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் விரித்தால் பாதிக் கவலை போகும்.

இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அடிச்சாம்பல் நோய் வந்தபின் மருந்து தேடுவது இன்னொரு தவறு. மழைக்கு முன்பே போர்டோ கலவை அடியுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியே கரைத்துச் சேருங்கள். இரும்பு வாளி அரிக்கும். பளபளப்பான இரும்பு ஆணியை ஒரு நிமிஷம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும்.

கோழி எருவை அள்ளிக் கொட்டாதீர்கள். இலை கொழுக்கும், கீழே நிழல் கட்டும்; வெயில் படாத கிளையின் கண்கள் அடுத்த முறை காய்க்காது.

அப்புறம், கறுத்தவுடன் பறிப்பது. பறித்த திராட்சை மாங்காய் மாதிரி பழுக்காது. கொத்தின் அடிநுனிப் பழம் கடைசியில்தான் இனிக்கும், அதைத் தின்று பார்த்து வெட்டுங்கள். அதுவரை கொத்துக்குத் துணிப்பை கட்டிவையுங்கள். எங்கள் முதல் கொத்தை ருசி பார்த்தது கொண்டைக்குருவிகள்தான். எங்களுக்குக் காம்பு மட்டும் மிஞ்சியது.