கிரானைட் சேற்றுநீரைத் தெளிய வைக்கப் பாலிமர் கரைக்கும் முறை

கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத்திலும் ஆந்திர எல்லைக்கு அப்பால் குப்பத்திலும் இயங்கும் கிரானைட் அறுப்புப் பட்டறைகளில், கல்தூள் கலந்து வெளிவரும் நீரைத் தெளிய வைத்து மறுபடியும் வாளுக்கு அனுப்ப அனயானிக் (எதிர்மின்னூட்டமுள்ள) பாலிஅக்ரிலமைடு என்னும் வெள்ளைப் பாலிமர் தூள் பயன்படுகிறது. பாலிமர் வேலை செய்யவில்லை என்று எழும் புகார்களில் பெரும்பாலானவை தூளின் குறையல்ல, கரைத்த விதத்தின் குறை என்பதே என் கருத்து.

அக்ரிலமைடும் சோடியம் அக்ரிலேட்டும் கோத்த இந்த நெடுஞ்சங்கிலியின் மூலக்கூறு எடை பெரும்பாலும் 1 கோடியைத் தாண்டும். நீரில் கரைந்ததும் எதிர்மின்னூட்டம் பெற்ற தொகுதிகள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி விரிகிறது. அந்த நீளமே பல துகள்களை ஒருசேரப் பற்றித் திரளாக்கி அடியில் படிய வைக்கிறது. அமிலத்தன்மையும் கடின நீரும் சங்கிலியைச் சுருட்டிவிடும். வேகமான கலக்கி அதை அறுத்துவிடும்.

ஆகவே 1,000 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 1 கிலோ என்ற அளவில், நீர் சுழன்றுகொண்டிருக்கும்போதே தூளைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேற்புறம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த தூளை அடைத்துக்கொண்ட வழுவழுப்பான கட்டிகள் உருவாகும். அவை பிறகு எளிதில் கரையா. மெதுவான கலக்கலில் 45 முதல் 60 நிமிடம் விட்டு, ஓரிரு நாளுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

அளவை ஊகித்து ஊற்ற வேண்டாம். ஒரு லிட்டர் சேற்றுநீரில் இக்கரைசலை 1 மி.லி. சேர்த்தால் அது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). வெவ்வேறு குவளைகளில் 1, 2, 3 மி.லி. எனச் சேர்த்து, சில நொடிகள் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்கி, மேல்நீர் தெளியும் மிகக் குறைந்த அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். 2 பிபிஎம் போதுமென்றால் 1,000 லிட்டர் சேற்றுநீருக்கு 2 லிட்டர் கரைசல். கூடுதலாக ஊற்றினால் பாலிமர் துகள்களை முழுக்க மூடி, அவை ஒன்றுசேர விடாது. பிசுபிசுத்த சேறு வடிதுணியையும் அடைக்கும். திரள் படிந்த பிறகும் நீர் மங்கலாகவே இருந்தால், முதலில் படிகாரமும் அதன்பின் பாலிமரும் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே தொட்டியில் கரைக்கக் கூடாது.



தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம், ஏனெனில் அதில் எஞ்சியிருக்கக்கூடிய அக்ரிலமைடு நச்சுப்பொருள். தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், வழுக்கல் இன்னும் பரவும். மரத்தூளோ மணலோ போட்டு அள்ளிய பிறகே கழுவ வேண்டும்.