பழைய கணினியில் இணையப் பக்கம் திறக்கவில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்ட பிறகு கைப்பேசியில் படிப்பதை விட்டுவிட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்களைப் பத்தொன்பது அங்குலத் திரையில் பெரிதாக்கிப் படிப்பதில்தான் அவருடைய சாயங்காலம் கழியும். கணினி 2011இல் வாங்கியது. விண்டோஸ் 7, இரண்டு ஜிபி நினைவகம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஊருக்குள் வந்தபோது அதை மச்சில் ஏற்றிப் பத்தமடைப் பாயால் மூடி வைத்தார்கள். வெள்ளம் வடிந்து, வீட்டைச் சரிசெய்து, அது மறுபடி மேசைக்கு வர இருபது மாதம் ஆகிவிட்டது.

இறக்கி வைத்ததும் கணினி நன்றாகவே ஓடியது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஒரு கடையில் காட்டியதற்கு, மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “தூக்கிப் போட மனசு வரவில்லை ஐயா, நீ ஒரு தடவை வந்து பார்” என்று பெரியப்பா கூப்பிட்டார். 2025 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று போனேன். மதர்போர்டுக்கு ஒன்றுமே இல்லை. நல்ல கணினிகள் இப்படிக் காயலான் கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: சிறிய எழுத்தைப் படியுங்கள்

பக்கம் திறக்காதபோது உலாவி ஒரு பெரிய வாக்கியத்தைக் காட்டும். அதற்குக் கீழே, மங்கலாக, சிறிய அளவில், முழுக்கக் கேப்பிட்டலில் தட்டிய ஆங்கிலச் சொற்கள் ஒரு வரி இருக்கும். எல்லோரும் பெரிய வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கலங்கிப்போகிறார்கள். நோயின் பெயர் அந்தச் சிறிய வரியில்தான் இருக்கிறது. குரோமில் அது ‘டேட் இன்வாலிட்’ என்று முடிந்தால் கடிகாரம். ‘அத்தாரிட்டி இன்வாலிட்’ என்றால் சான்றிதழை நம்புவதற்கான பட்டியல் பழசு. ‘சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால் உலாவியே பழசு. ‘நேம் நாட் ரிசால்வ்டு’ என்றால் முகவரி தேடும் இடத்தில் கோளாறு. அந்த வரியைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்கவும் அது வேண்டும்.

இரண்டாம் படி: இணைய இணைப்பு சரியா?

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியில் திறந்தால் குறை கணினியில் இருக்கிறது. அடுத்து, கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டில் ‘பிங்’ கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு வராவிட்டால், இணைப்பு அமைப்பில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது) என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதிச் சேமியுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

மூன்றாம் படி: கடிகாரம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆகவே இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டுக் குறியோடுதான் வருகின்றன. ஒவ்வொரு தளமும் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழ் ஒன்றை நீட்டும். அதில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். அதை உலாவி உங்கள் கணினியின் தேதியோடு ஒத்துப் பார்க்கும். கணினி 2010இல் நின்றால், அதன் கணக்கில் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் கதவைச் சாத்திவிடும்.

பெரியப்பாவின் கணினி 2010 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். கணினி மின்சாரத்தில் செருகியே இருந்தால் அதற்கு வேலை குறைவு. மச்சில் இருபது மாதம் தனியாக ஓட்டியதில் அது செத்துவிட்டது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்று வோல்ட் காட்ட வேண்டியது ஒன்றரைகூடக் காட்டவில்லை.

பேட்டரியின் பெயர் சிஆர் 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவது எளிது. மின்கம்பியை அடியோடு பிடுங்குங்கள். பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டுவிட்டுப் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். காசு போல மின்னும் பேட்டரியின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானே எழும்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், வழுக்கினால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய செம்புக் கோடு அறுந்துவிடும். எழுத்து பொறித்த பக்கம் மேலே தெரியும்படி புதியதை வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று அமரும்.

இனித் தேதி வைக்க வேண்டும். கணினியை முடுக்கியதும் ‘டிலீட்’ அல்லது ‘எஃப்2’ விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால், விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை வரும். அதில் தேதிக் கட்டத்துக்குப் போய் 05, 09, 2025 என்று வைத்துச் சேமித்து வெளியே வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாநில அரசுத் தளம் ஒன்று திறந்தது. ஆனால் கூகுள் திறக்கவில்லை. மின்னூலகம் திறக்கவில்லை. ஒன்று திறந்து இன்னொன்று மறுத்ததால் கடிகாரத்தை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. உலாவியைக் கழற்றி மாட்டினேன், ரௌட்டரை அணைத்து ஏற்றினேன், வைரஸ் தேடினேன். இரண்டரை மணி நேரம் போயிற்று. கடைசியில் பெரியப்பாதான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரை ஓரத்தைப் பார்த்து, “இது ஏன் மே மாதம் என்று போட்டிருக்கிறது?” என்று கேட்டார்.

பயோஸில் முதல் கட்டம் மாதம்; இரண்டாவதுதான் நாள். நாம் நாளை முன்னால் எழுதிப் பழகியவர்கள். செப்டம்பர் 5 என்று நான் வைத்தது கணினிக்கு மே 9. பக்கத்தில் ‘ஃப்ரை’ என்று கிழமை காட்டியதைப் பார்த்துத் தேதி சரிதான் என்று திருப்திப்பட்டிருந்தேன். ஆனால் மே 9ம் செப்டம்பர் 5ம் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். ஆகவே கிழமையை நம்பாதீர்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் பாருங்கள்.

அப்படியானால் சில தளங்கள் மட்டும் எப்படித் திறந்தன? சான்றிதழின் ஆயுள் தளத்துக்குத் தளம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். விலைக்கு வாங்கும் சான்றிதழ் 2025இல் ஓராண்டுக்குக் கொஞ்சம் மேல், 398 நாள் வரை சென்றது. மே 9 என்று நம்பிக்கொண்டிருந்த கணினி, போன வருஷமே வாங்கிய சான்றிதழை ஏற்றுக்கொண்டது. ஜூலையில் வாங்கியதைத் தள்ளிவிட்டது. இந்த உச்ச வரம்பும் 2026 மார்ச்சிலிருந்து 200 நாளாகக் குறைந்து, 2029இல் 47 நாளாகிவிடும் என்று முடிவாகியிருக்கிறது. அன்று மன்னிக்கப்பட்ட தேதிப் பிழைகூட இனி மன்னிக்கப்படாது.

இங்கே இன்னும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, நேர மண்டலம். விண்டோஸை யாரோ புதிதாக நிறுவிவிட்டு அமெரிக்க நேரத்திலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் நம் ஊர் மணியைக் கையால் வைத்தால், பார்வைக்குச் சரியாக இருந்தாலும் உள்ளே அரை நாளுக்கு மேல் பிசகியிருக்கும். பட்டியலில் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மணியைத் தொட வேண்டும். மற்றொன்று, இணைய நேரம். ‘இன்டர்நெட் டைம்’ என்ற தாவலில் ‘அப்டேட் நவ்’ பொத்தானை அழுத்தினால் போதாதா என்று தோன்றும். வித்தியாசம் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தால், பாதுகாப்பு கருதி விண்டோஸ் தானாகத் திருத்த மறுத்துவிடும். எனவே முதலில் கையால் சரியான தேதிக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். பிறகு பொத்தானை அழுத்துங்கள்.

மாதத்தை மாற்றியதும் மின்னூலகம் வந்துவிட்டது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கத் தொடங்கிவிட்டார்.

நான்காம் படி: உலாவியின் வயது

கடிகாரம் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் அடுத்து இதைப் பாருங்கள். தளமும் உலாவியும் பேசிக்கொள்ளும் மறைமொழிக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0, 1.1 பதிப்புகளை 2021 மார்ச்சில் முறைப்படி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது புழங்குவது 2008இல் வந்த 1.2ம் 2018இல் வந்த 1.3ம்தான். இவை தெரியாத உலாவியோடு தளங்கள் பேசுவதே இல்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இனித் தொடவே வேண்டாம். 2022 ஜூனில் மைக்ரோசாஃப்டே அதற்கு விடைகொடுத்துவிட்டது.

விண்டோஸ் 7க்குக் கிடைக்கும் கடைசி குரோம் 109. என் தேர்வு அது இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர், அதாவது நெடுநாள் ஆதரவுள்ள பதிப்பு. விண்டோஸ் 7க்கான அதன் ஆதரவை மொசில்லா அறிவித்த தேதிக்குப் பிறகும் பல தடவை நீட்டித்திருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. யாருடைய சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ் தன்னிடமே வைத்திருக்கிறது. பழைய குரோம்கள் விண்டோஸின் பட்டியலைக் கேட்கும். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் (அந்தப் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழ்) காலாவதியானபோது, புதுப்பிக்காத கணினிகள் எத்தனையோ தளங்களை ஒரே நாளில் இழந்தன. அவற்றில் பலவற்றை ஃபயர்ஃபாக்ஸ் நிறுவியே மீட்டிருக்கிறேன்.

பக்கமே திறக்காத கணினியில் உலாவியை எப்படி இறக்குவது? வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். முழு நிறுவிக் கோப்பாகத் தேடி எடுங்கள். சில நூறு கேபி மட்டுமே இருக்கும் சிறிய நிறுவி, மீதியை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் முன்பே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டால் இரண்டு தடவை பஸ் ஏற வேண்டியிருக்காது.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், கடைசி குரோமான 49க்கான ஆதரவு 2016இலும் முடிந்துவிட்டது. உலாவியோடு மல்லுக்கட்டுவதைவிட விண்டோஸுக்குப் பதிலாக எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது ஆன்ட்டிஎக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது நல்லது. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் நிறுவலாம்.

செய்யக் கூடாத ஒன்று: எச்சரிக்கைப் பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ என்பதை அழுத்தி அப்படியே உள்ளே நுழையும் வழக்கம். தேதி தவறான கணினியில் எச்சரிக்கை பொய்யாக வருகிறது என்று பழகிவிட்டால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் விரல் தானாக அழுத்திவிடும். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டது. அதில் படிக்கலாம், பார்க்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீர்கள். பெரியப்பாவிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பிற்சேர்க்கை 1: புது பேட்டரி போட்டும் மறுநாளே தேதி பின்னால் போய்விடுகிறது என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். கடையில் 2025 என்ற பேட்டரியைக் கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்கள் அளவைக் குறிப்பவை. முதல் 20 என்பது குறுக்களவு, மில்லிமீட்டரில். அடுத்த 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். 25 என்றால் 2.5. மெல்லியதாக இருப்பதால் குழியில் உட்காரும். ஆனால் தொடுமுனையை ஒழுங்காகத் தொடாது. 2032 என்று பொறித்திருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

பிற்சேர்க்கை 2: மடிக்கணினி வைத்திருக்கும் இருவர் கேட்டிருந்தார்கள். பலவற்றில் இதே பேட்டரிதான் கம்பியோடு உறையில் சுற்றி, சில சமயம் விசைப்பலகைக்கு அடியில் இருக்கும். அதைப் பழகாத கையால் கழற்ற வேண்டாம்.

பிற்சேர்க்கை 3: கடிகாரமும் உலாவியும் சரி, ஆனால் எல்லாத் தளமும் ‘அத்தாரிட்டி இன்வாலிட்’ என்கிறது என்று பேட்டையிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் கணினியில் சந்தா முடிந்த ஆன்ட்டிவைரஸ் ஒன்று, எல்லாச் சான்றிதழுக்கும் நடுவில் தன்னுடையதை நீட்டிக்கொண்டிருந்தது. அதை முழுதாக நீக்கிக் கணினியை மறுபடி முடுக்கியதும் சரியாகிவிட்டது.

எந்த வழியில் சரிசெய்தாலும் கடைசியாக இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரவு கணினியை அணைத்து மின்கம்பியையும் பிடுங்கி வையுங்கள். காலையில், வைஃபை இணைப்பதற்கு முன், செருகி முடுக்கி மணியைப் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போனால் பலகையை மூடி நான்கு திருகையும் முடுக்கிவிடலாம்.