அம்பாசடர், பத்மினியில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கே தேடுவது

வாரம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியில் ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருகினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, தள்ளி ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது, அடுத்த வாரம் மறுபடி அதே கதை. இந்த நிலையில் நூற்றுக்குப் பாதிப் பேர் நேராகப் பேட்டரிக் கடைக்குத்தான் போகிறார்கள். கடைக்காரர் பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியதை மாட்டி அனுப்புவார். அதுவும் இரண்டு வாரத்தில் இறங்கும். அப்புறம் வாரண்டிச் சண்டை. பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் ஒரு 12 வோல்ட் பல்பும் வாங்குங்கள், அது போதும்.

கேள்வி மூன்றுதான். பேட்டரி தன் சார்ஜைப் பிடித்து வைக்கிறதா? வண்டி நிற்கும்போது ஏதாவது அதைக் குடிக்கிறதா? ஓடும்போது, இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் டைனமோ திருப்பித் தருகிறதா? இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் குழப்பிக்கொள்வதால்தான் வயரிங்கை முழுக்கப் பிரித்துப்போட்டும் ஒன்றும் பிடிபடாமல் போகிறது.

முதலில் பேட்டரி. வண்டியிலிருந்து கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியை வண்டியின் பாடியோடு இணைக்கும் வயர்தான் எர்த்; கழற்றும்போது எர்த் பக்கம் முதலில், மாட்டும்போது எர்த் பக்கம் கடைசியில், இதில் விதிவிலக்கே கிடையாது. ஸ்பானர் பாடியில் பட்டால் வரும் தீப்பொறியும் பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜனும் சேரக்கூடாத ஜோடி. கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். இன்னொன்று, பழைய பிரிட்டிஷ் வயரிங் உள்ள வண்டிகளில், குறிப்பாக அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்தவற்றில், பாசிட்டிவ்தான் எர்த்தாக இருக்கும். பிளஸ் முனையிலிருந்து பட்டையாக ஒரு வயர் பாடிக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெகட்டிவ்தான் எர்த் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பி மியூசிக் சிஸ்டத்தைப் புகையவிட்டவர்கள் உண்டு.

40 ஆம்பியர்-அவர் பேட்டரியை 4 ஆம்பியரில் நிதானமாக சார்ஜ் செய்து, எதிலும் மாட்டாமல் ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் வோல்டேஜ் பாருங்கள். சார்ஜரை எடுத்த உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டும், அது பொய்க்கணக்கு. இரவு கழிந்தபின் 12.6 அல்லது 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான் மிச்சம். முழுக்க ஏற்றிய பேட்டரி எதிலும் மாட்டாமலே 12.4-க்குக் கீழே வந்தால் குற்றவாளி அதுதான், வயரிங்கைத் தொடவே வேண்டாம். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். நல்ல செல் 1.265-லிருந்து 1.280 வரை காட்டும். ஐந்து செல் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்தச் செல் போய்விட்டது, அதோடு பேட்டரியும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம்.

பேட்டரியின் மேல்பரப்பையும் பாருங்கள். ஆசிட் ஈரமும் தூசியும் கலந்து படிந்தால் அதன் வழியாகவே மெல்லக் கரண்ட் கசியும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்டில் வைத்து இன்னொன்றைப் பிளாஸ்டிக் மேல் நகர்த்திப் பாருங்கள், வோல்டேஜ் காட்டினால் கசிகிறது என்று அர்த்தம். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து, செல் மூடிகளை இறுக்கிவிட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சையும் அதே தண்ணீரில் போய்விடும். மாட்டி முடித்தபின் கொஞ்சம் வாஸ்லின் தடவிவிடுங்கள்.

பேட்டரி நல்லது என்று முடிவானால் இரண்டாவது கேள்வி. வேலை இங்கேதான் இருக்கிறது.

சாவியை எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, எர்த் வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றுங்கள். அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் முதலில் மீட்டரை வைக்காதீர்கள், பல்பை வையுங்கள். 5 வாட் பல்பு போதும். எங்கேயாவது பெரிய ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான், எதுவும் கருகாது. மீட்டரை வைத்திருந்தால் அதன் ஃபியூஸ் போயிருக்கும். பல்பு எரியவில்லை என்றால் கசிவு பெரிதாக இல்லை என்று பொருள், இப்போது அதே இடத்தில் மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டி வையுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சமாச்சாரம்.

எவ்வளவு இருக்கலாம்? பின்னால் எதுவும் சேர்க்காத டைனமோ வண்டி என்றால் மீட்டர் சைபர் காட்ட வேண்டும், இந்தக் காலத்து வண்டி மாதிரி உள்ளே கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. மியூசிக் சிஸ்டம் இருந்தால் அதன் மெமரிக்காகச் சில மில்லி ஆம்பியர் போகும், மாட்டிய உடனே கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டு இறங்கும், ஐந்து நிமிடம் பொறுங்கள். 0.05 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், 40 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு மாதம் தாங்கும். 0.4 ஆம்பியர் என்றால் நாலே நாளில் காலி. ஒரு 5 வாட் பல்பு எரிந்தாலே அந்த 0.4 வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் முதலில் பல்புகளைச் சந்தேகப்படுங்கள். கதவுத் தூணில் இருக்கும் சின்ன பட்டன் ஸ்விட்ச் துருப்பிடித்து உள்ளேயே மாட்டிக்கொண்டால் கதவு சாத்தியபின்னும் ரூஃப் லைட் எரியும். டிக்கியிலோ கிளவ் பாக்ஸிலோ பல்பு இருந்தால் மூடியபின் அணைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது, மொபைலில் வீடியோ போட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். பிரேக் லைட்டைப் பலரும் குற்றம் சொல்வார்கள். அம்பாசடரில் இருக்கும் லூகாஸ் (பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் கம்பெனி) பாணி வயரிங்கில் அது சாவி வழியாகத்தான் வருகிறது, சாவியை எடுத்தபின் எரியாது. எரிந்தால் யாரோ நடுவில் வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

பல்பு எதுவும் இல்லை என்றால் மீட்டரைப் பார்த்தபடியே ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். இது சீக்கிரம் முடியும் வேலை, ஏனென்றால் பழைய லூகாஸ் ஃபியூஸ் பாக்ஸில் இருப்பதே இரண்டு ஃபியூஸ். ஒன்று ஹார்னுக்கும் உள்விளக்குக்கும், எப்போதும் கரண்ட் இருக்கும். மற்றது சாவி போட்டால் மட்டும். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அதாவது ஃபியூஸை எல்லாம் எடுத்தபின்னும் கசிவு அப்படியே இருக்கலாம், அப்போது குழம்பாமல் வயரின் நிறத்தைப் பின்தொடருங்கள். பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸும் இல்லை, சாவியும் இல்லை. ஊதா, ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. கறுப்பு எர்த். நிறுத்திய வண்டியில் நீங்கள் தேட வேண்டியது பிரவுனும் ஊதாவும் மட்டும்தான். வண்டி பல கைகள் மாறியிருந்தால் எல்லா இடத்திலும் சிவப்பு வயராகவே இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பத்மினிக்காரர்களுக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது, அது ஃபியட் பரம்பரை, ஆனால் ஃபியூஸை எடுத்து மீட்டரைப் பார்க்கும் முறை அதேதான்.

பின்னால் சேர்த்தவை தனி உலகம். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கி மாட்டிய ஏர் ஹார்ன், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் பாட்டு, மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் டிராக்கர், இதெல்லாம் பெரும்பாலும் கிடைத்த பிரவுன் வயரில் சுற்றி டேப் ஒட்டி விட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் அசல் வயரிங்கைவிட இவைதான் அதிகம் குற்றவாளியாகப் பிடிபடுகின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கசிவு நின்றதா என்று பார்த்து, பிறகு ஒவ்வொன்றாக மாட்டுவதுதான் குறுக்கு வழி.

இப்போது பழைய வண்டிக்கே உரிய ஒன்று, இன்றைய எலக்ட்ரீசியன்களில் பலர் பார்க்காமல் விடுவது, கட்-அவுட். டைனமோ சுற்றும்போது பேட்டரியோடு இணைப்பதும் நின்றதும் பிரிப்பதும் அதன் வேலை. அதன் பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) ஒட்டிக்கொண்டால் பேட்டரி தலைகீழாக டைனமோவுக்குள் காலியாகும். இது மில்லி ஆம்பியர் கணக்கு இல்லை, வயர் சூடாகிப் புகைகிற கணக்கு. அடையாளம் எளிது. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டால் டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிய வேண்டும். பல்பு நன்றாக இருந்தும் எரியவில்லை, அல்லது சாவியை எடுத்தபின் மங்கலாக எரிகிறது என்றால் முதல் சந்தேகம் கட்-அவுட் மேல்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கட்-அவுட் இருக்கும் ரெகுலேட்டர் பாக்ஸில் 'D' என்ற முனையின் வயரை எடுத்துவிட்டு, மறுபடி பல்பு சோதனை செய்யுங்கள். கசிவு நின்றால் பிடிபட்டது. கட்-அவுட் பாயின்ட் மிருதுவான வெள்ளி, அதில் எமரி போடாதீர்கள், நைஸான கிளாஸ் பேப்பர் துண்டு போதும். பாயின்ட் உருகி ஒட்டியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, பாக்ஸை மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும், ஆனால் மாட்டும் முன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து வாங்குங்கள்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் இதே வேலையை, கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோடு செய்கிறது, டயோடு பழுதானால் இதே மாதிரி கசியும். பேட்டரியைக் கழற்றி, பின்னால் உள்ள தடித்த வயரை எடுத்து டேப் சுற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கசிவே இல்லை, பேட்டரியும் நல்லது, இருந்தும் இறங்குகிறதா? அப்படியானால் சார்ஜ் ஏறவில்லை. ஃபேன் பெல்ட்டை நீளமான பகுதியில் கட்டைவிரலால் அழுத்துங்கள், அரை அங்குலம் இறங்கினால் சரி. இன்ஜினை 2000 ஆர்பிஎம் அளவுக்கு வைத்துப் பேட்டரி முனையில் வோல்டேஜ் பாருங்கள், 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். ஐடிலில் ஏறவில்லையே என்று பயப்படாதீர்கள், டைனமோ ஐடிலில் தராது, சிவப்பு விளக்கு மினுக்குவதும் இயல்புதான். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் 12.5-லேயே நின்றால், கோளாறு டைனமோவிலா ரெகுலேட்டரிலா என்று பிரிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் வைத்து, மெல்ல வேகம் கூட்டுங்கள். 1000 ஆர்பிஎம் அருகில் 15, 20 வோல்ட் என்று ஏறினால் டைனமோ நல்லது, ரெகுலேட்டர் பாக்ஸைப் பாருங்கள். 20 தாண்ட விடாதீர்கள். ஒரு வோல்ட் அளவிலேயே நின்றால் ஃபீல்ட் காயில், ஒன்றுமே இல்லை என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்குகிற வண்டிகள் உண்டு, அங்கே கணக்குதான் பிழை. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவதே 19 முதல் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10, இக்னிஷன் காயில் 3 அல்லது 4, பின்விளக்கும் வைப்பரும் சேர்த்து இன்னொரு 4, மிச்சம் ஒன்றுமில்லை. இதில் 100/90 வாட் ஹாலோஜன் போட்டுக்கொண்டு மழை நாளில் அண்ணா சாலை டிராஃபிக்கில் ஊர்ந்தால், வருவது சைபர், போவது இருபது. வீட்டுக்கு வந்து சேர்வதே பெரிது. பல்பை அசல் வாட்டுக்கு மாற்றுங்கள். பின்விளக்கு, உள்விளக்கை எல்இடி ஆக்கினாலும் கொஞ்சம் மிச்சமாகும். தினமும் இரவில் ஓட்டுபவர் ஆல்டர்நேட்டர் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியாக இருந்தால் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும், கழற்றிய டைனமோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செல்ஃப் மட்டும் சோம்பலாக இருந்து பேட்டரி 12.6 காட்டினால் அது பேட்டரி இறங்கும் பிரச்சினையே இல்லை, பெரும்பாலும் எர்த் பிரச்சினை. ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு வரும் பட்டையைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டிக்கு எர்த் பக்கம் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் போட்டுவிடுங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் அதைப் போட்டு மறைப்பது தவறு, ஆனால் ஐம்பது வருட வயரிங் உள்ள வண்டியை இரவெல்லாம் கரண்டோடு வீட்டுக்கு ஒட்டி நிறுத்துவது அதைவிடத் தவறு. ஸ்விட்ச் போட்டாலும் நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகவே கொஞ்சம் இறங்கும், மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்து 12.4-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜரில் போடுங்கள். ஷெட்டில் வைத்தே பத்து நிமிடம் இன்ஜினை ஐடிலில் ஓட்டி அணைப்பது சார்ஜ் ஆகாது, செல்ஃப் எடுத்ததைக்கூட டைனமோ திருப்பித் தந்திருக்காது.