அம்பாசடருக்கு வேறு பின் அச்சு போட்டேன்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் இருக்கும் அம்பாசடர், வேகம் ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளையிட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சத்தம் மாறும். கழற்றிப் பார்த்தால், பின் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) இரண்டிலும் பல் தேய்ந்திருந்தது. 2014-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி இது. புது செட்டுக்கு அலைவதைவிட, உடைக்க வந்த வண்டியிலிருந்து அச்சை முழுதாக எடுப்பதுதான் மேல். வேலந்தாவளம் வழியாகப் போய் கோயம்புத்தூர் உக்கடத்தில் ஒன்று பிடித்தேன்.

வாங்கும் முன் கிரவுன்-பினியன் விகிதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள். ஒரு பக்க பிரேக் டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள்; பினியன் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் விகிதம். பல்லை எண்ணினால் இன்னும் துல்லியம்: கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.56. அப்புறம் பினியனை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. வடித்த எண்ணெயில் இரும்புத் துணுக்கு மின்னினால் அந்த அச்சு வேண்டாம்.

"அண்ணா, பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க" என்றார் மெக்கானிக் தம்பி. நியாயம்தான், அச்சை ஸ்பிரிங் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பது இதுதான்; ஒருமுறை இழுபட்ட போல்ட் பட்டையை இறுகப் பிடிக்காது. ஆயில் சீலும் புதிதாகப் போட்டு, ஹைப்பாய்டு 90 கியர் எண்ணெய் ஊற்றினோம். பிரேக் பைப்பைக் கழற்றியதால் உள்ளே புகுந்த காற்றையும் எடுத்தாயிற்று. கொஞ்ச தூரம் ஓட்டியபின், வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும்.

பழைய அச்சின் டிரம்களையும் ஷாஃப்ட்களையும் கிரீஸ் தடவி எடுத்து வைத்திருக்கிறேன்.