எல் நினோ என்றாலே வறட்சியா?

"எல் நினோ வருகிறதாம், இந்த ஆண்டு மழை அவ்வளவுதான்." கோடை தொடங்கினால் வாட்ஸ்அப்பில் இந்த வரியும் சுற்றத் தொடங்கிவிடும். ஒரே வரிதான், ஆனால் அதில் எதையும் அப்படியே நம்ப முடியாது.

'வருகிறது' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புயலைப் போலக் கிளம்பி நம் கரைக்கு வந்து சேரும் பொருளல்ல எல் நினோ. அது நடப்பது பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும். கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல்நீர் வெதுவெதுப்பாவதைக் கண்ட பெரு நாட்டு மீனவர்கள், குழந்தை இயேசுவை நினைத்து இட்ட பெயர் அது. இன்றைய கணக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பரப்பு வழக்கத்தைவிட அரை டிகிரி செல்சியஸாவது சூடேறி, மாதக்கணக்கில் அப்படியே நீடிக்க வேண்டும்.

"கடல் சூடானதால் காற்று மாறியது" என்று எழுதுவதுதான் எனக்கு அதிக எரிச்சலூட்டும் தவறு, ஏனென்றால் அது பாதி உண்மை. சாதாரண ஆண்டுகளில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல்மட்டம் பெரு கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்தே நிற்கும். பெரு கரையிலோ ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதோடு வரும் சத்துகளால்தான் அங்கே நெத்திலி கொழிக்கிறது. மேற்கே சூடு, கிழக்கே குளிர் என்ற இந்த வேறுபாடே அந்தக் காற்றுக்கு வலுவூட்டுகிறது. காற்று தளர்ந்தால் சூடான நீர் கிழக்கே நகரும், வேறுபாடு குறையும், காற்று மேலும் தளரும். இதில் எது முதலில் என்று கேட்பது கோழியா முட்டையா வழக்குதான்.

அறிஞர்களுக்கே இது பிடிபட நாளாயிற்று. இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடியவர். பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதை 1920களில் விவரித்தார். அதற்கும் கடலின் சூட்டுக்கும் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னெஸ் முடிச்சுப் போட்டது 1960களில்தான்.

சரி, மழைக்கு வருவோம். 2002, 2009 எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது உண்மை. ஆனால் 1997இல், நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று நிலவியபோது, இந்தியாவில் மழை சராசரியைவிடச் சற்றுக் கூடுதல். அந்த ஆண்டு நம் பெருங்கடலில் ஆப்பிரிக்கா பக்கம் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தது கைகொடுத்தது.

தமிழ்நாட்டுக்குக் கணக்கே வேறு. வடகிழக்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. சென்னை மூழ்கிய 2015உம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய 2023உம் எல் நினோ ஆண்டுகளே. உடனே "எல் நினோ என்றால் வெள்ளம்" என்று மறுபக்கம் சாய வேண்டாம். 2021 நவம்பரில் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்றபோது பசிபிக்கில் இருந்தது லா நினா, அதாவது அதே கடற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் எதிர்நிலை. ஒரு நாள் பெருமழையைக் கொட்டுவது வங்கக் கடலின் தாழ்வு நிலையோ மேலடுக்குச் சுழற்சியோதான். பசிபிக்கால் பருவத்தின் போக்கைச் சற்றுச் சாய்க்க முடியும், அவ்வளவே.

புவி வெப்பமயமாதல்தான் எல் நினோவை உண்டாக்கியது என்பதும் தவறு. ஆலைப் புகை தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்ததற்குப் பவளப்பாறைகளில் தடயம் உண்டு.

கடைசியாக, மார்ச், ஏப்ரல் மாதக் கணிப்பைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பருவத்தில் கடலும் காற்றும் எந்தப் பக்கமும் சாயக்கூடிய நிலையில் இருக்கும், கணினி மாதிரிகள் அதிகம் தடுமாறுவதும் அப்போதுதான். 2014இன் தொடக்கத்தில் பெரிய எல் நினோ என்று உலகமே பேசியது. சூடான நீர் கிழக்கே நகர்ந்தும், காற்று கூடவே மாறவில்லை. பெரிதாக எதிர்பார்த்தது அந்த ஆண்டு பிசுபிசுத்துப் போய், அடுத்த ஆண்டில்தான் வந்தது.