ஆண்டவருக்குக் காத்திருப்பது எப்படி: ஒரு பழைய கேட்மேன் சொல்லும் வழி

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதையில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மீட்டர்கேஜ் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், அகலப் பாதையில் முடித்தேன். காத்திருக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிய மனுஷன் என்று எங்கள் கோயிலில் கேலி செய்வார்கள். வாலிபப் பிள்ளைகள் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, தேவ சித்தம் இதுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிட? இன்னும் எத்தன நாள் காத்திருக்க?" என்று கேட்கிறார்கள். வேத விளக்கம் வேண்டுமென்றால் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போங்கள். கேட் ரூமில் 12 மணி நேர டூட்டியில் உட்கார்ந்து நான் கற்றதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டு, இன்ன வண்டி வருகிறது என்பார். கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற மேக்னெட்டோ போன். நான் போய் கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு வந்து, அடைத்தாயிற்று என்பதற்கு அத்தாட்சியாக, என்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்வேன். இரண்டு இலக்க எண், வரிசைப்படி. சொன்னதை அடித்துவிட வேண்டும். அவர் அதைத் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார், நான் என்னுடையதில் எழுதுவேன். அந்த நம்பர் போய்விட்டால் கேட் என் கையில் இல்லை. வண்டி வரும்வரை, வெயில் அடித்தாலும் பைக்காரர்கள் திட்டினாலும், அடைத்தது அடைத்ததுதான்.

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கேட்டில் சும்மா இருந்தவனுக்கு மெமோ வரும். அடைக்க வேண்டியதை அடைத்து, எழுத வேண்டியதை எழுதி, கொடியையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு, வண்டி வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நீங்களும் ஒரு காரியத்துக்காக ஜெபித்துக் காத்திருக்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற வேலை எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குக் காத்திருக்கிற பையன் விண்ணப்பம் போட வேண்டும். வரனுக்குக் காத்திருக்கிறவர்கள் விசாரிக்க வேண்டும். உங்கள் பங்கை முடித்து நம்பர் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அதற்குப் பிறகு வருகிற தாமதம் உங்கள் தலையில் இல்லை.

என் தலையிலேயே விழுந்த ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம்தான். எங்கள் பக்கத்தில் வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு வருஷம் எனக்கு வந்தது, "விசாலமான இடத்திலே என்னைக் கொண்டுவந்து" என்ற சங்கீத வசனம். பொங்கலுக்குள்ளே ஒரு புரோக்கர் வந்து, மெயின் ரோட்டை ஒட்டி எட்டு சென்ட் விலைக்கு இருக்கிறது என்றார். ஆண்டவரே கதவைத் திறந்துவிட்டார் என்று நான் குதித்தேன். வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதில் பாதி குளத்துப் புறம்போக்கு. ஐப்பசி மழையில் என் 'விசாலமான இடத்தில்' முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கார்டு ஒங்களுக்கு வந்துச்சு, சரி. பத்திரத்த யாரு பாத்தா?"

அட்டையைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எடுக்கிறேன், வேதப் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சங்கீதம் சத்துருக்கள் கையிலிருந்து தப்புவிக்கப்பட்டவன் பாடினது, எட்டு சென்ட் மனையைப் பற்றியது இல்லை. ஒரு வசனம் உங்களைத் தொட்டால், அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனத்தையாவது வாசியுங்கள். வாசித்த பிறகும் அது உங்கள் காரியத்தைத்தான் சொல்கிறது என்று தோன்றினால், உங்கள் மேல் பிரியமும் கொஞ்சம் சந்தேகப் புத்தியும் உள்ள ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். என் விஷயத்தில் அந்த ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருந்தாள், நான்தான் கேட்கவில்லை.

இனி தினமும் செய்கிற வேலைக்கு வருகிறேன். இதற்கு ஒரு நோட்டு வேண்டும். 40 பக்க நோட்டு போதும், பெரிய டைரி வாங்கினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். பேனாவை நூல் போட்டு நோட்டிலேயே கட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் எடுத்துப் போய்விடுவார்கள்.

காலையில் 15 நிமிஷம். போன் வேறு அறையில். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாய்விட்டு வாசித்துவிட்டு அப்படியே உட்காருங்கள். எதையும் கேட்காதீர்கள். முதல் ஐந்து நிமிஷம் மனசுக்குள் சந்தைக்கடைதான்: கரண்ட் பில், கேஸ் சிலிண்டர், மச்சினன் பேசின பேச்சு. அதைத் துரத்தப் பார்த்தால் இன்னும் கூடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிவையுங்கள், எழுதினால் அது அடங்கும். மீதிப் பத்து நிமிஷத்தில் குரல் ஏதாவது கேட்குமா என்றால், எனக்குக் கேட்டதில்லை. தண்டவாளத்தில் காது வைத்து வண்டி வருவதைக் கேட்பதெல்லாம் சினிமாவில்தான். எலியாவுக்கே காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லாமல், அதற்குப் பின்னால் வந்த மெல்லிய சத்தத்தில்தானே பேசினார். அந்தப் பத்து நிமிஷத்தில் நாம் செய்கிறது, சத்தம் வந்தால் விழுகிற அளவுக்குக் காதைச் சும்மா வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சில நாள் தூக்கம் வரும். வரட்டும்.

ராத்திரி எழுதுகிறதுதான் முக்கியம். கேட் ரிஜிஸ்டரில் நாங்கள் வண்டி நம்பரும் நேரமும்தான் எழுதுவோம், 'வண்டி அழகாகப் போனது' என்று எழுத மாட்டோம். அதே மாதிரி எழுதுங்கள். நேரம் போட்டு, நடந்ததை மட்டும், ஒரு வரி. 'கர்த்தர் எனக்கு இன்ன பாடத்தைக் கற்பித்தார்' என்று எழுதாதீர்கள். அது அன்றைக்குத் தெரியாது. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்:

"6.05. பாசஞ்சர் போனது. பனையில் இரண்டு கிளி.
10.40. மீன்காரம்மா கேட்டில் கால் மணி நேரம் நின்றது. சத்தம் போடவில்லை. மகனுக்குக் காய்ச்சல் விட்டது என்றது.
இரவு 9.20. ஜெபிக்க மனசில்லை. ஜெபிக்கவில்லை."

கடைசி வரியையும் மறைக்காமல் எழுதுங்கள். கணக்கில் பொய் எழுதினால் பின்னால் படிக்கும்போது நமக்கே உதவாது.

நாற்பது நாள் எழுதியபிறகு ஒரே இருப்பில் வாசியுங்கள். நான் முதல்முதலாக அப்படி வாசித்தது, என் வீட்டுக்காரி ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலியில் படுத்திருந்துவிட்டு வந்த வருஷம். அந்த நாட்களில் ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். 'யாரும் இல்லை' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். வாசிக்கும்போதுதான் கண்ணில் பட்டது, அந்த நான்கு இடத்திலும் அடுத்த வரியிலேயே யாரோ ஒருவர் இருந்தார். ஒரு தடவை பக்கத்துப் படுக்கைக்காரரின் தங்கை ஃபிளாஸ்கில் காபி. இரண்டு தடவை எதிர்வீட்டுத் தாத்தா, தூக்குச்சட்டியில் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். அவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது, முழங்கால் வலி வேறு. நான்காவது ஒரு முஸ்லிம் பையன், ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவன். பெலன் தாரும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது கஞ்சியாக வந்ததை எழுதியும்விட்டேன், பார்க்கத்தான் இல்லை. "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்று யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து சொன்னதை அன்றைக்கு நோட்டின் அடியில் எழுதிவைத்தேன். அந்தத் தாத்தா இப்போது இல்லை.

இன்னொரு கணக்கும் அதே நோட்டில் வைக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், கத்தோலிக்கர், இதைச் சொல்லித் தந்தார். அவர்களுடைய புனித இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர். 1521-ல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். படுத்தபடியே பல கனவு காண்பார். வீரசாகசம், அரண்மனைப் பெண் என்று நினைக்கும்போது இனிக்கும், முடிந்ததும் வாய் உலர்ந்த மாதிரி இருக்கும். கிறிஸ்துவின் பின்னால் நடந்தவர்களை நினைத்தால், நினைத்து முடித்த பிறகும் அந்த இனிப்பு நிற்கும். அந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவர் பாதை மாறியது. ஆகவே இரண்டு வழி உங்கள் முன்னால் இருந்தால், ஒரு வாரம் முதல் வழியை எடுத்துவிட்டதாகவே நினைத்து நடமாடுங்கள், அடுத்த வாரம் மற்றதை. நினைக்கும்போது என்ன என்பதை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மனசில் என்ன மிஞ்சுகிறது என்று ஒரு வார்த்தையில் குறியுங்கள். என் எட்டு சென்ட்டை அப்படிக் குறித்திருந்தால் 'படபடப்பு' என்று பதினைந்து நாளும் எழுதியிருப்பேன்.

இஞ்ஞாசியாரே சொன்ன இன்னொன்று: மனசு தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவை, மனசு இருண்ட நாளில் மாற்றாதே. எங்கள் பாஷையில், வண்டியின் கடைசிப் பெட்டி இதுதான் என்று காட்டுகிற எல்.வி. போர்டைப் பார்க்காமல் கேட்டைத் திறக்காதே. என்ஜின் தாண்டியதுமே ஜனங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். "போயிருச்சுல்லா அண்ணாச்சி, தொறங்க!" நாம் கடைசிப் பெட்டிக்காகத்தான் நிற்கிறோம்.

முழு வழியும் இப்போதே தெரிய வேண்டும் என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிற வண்டி. ஆனாலும் திருச்செந்தூரில் அதற்குச் சென்னை வரைக்கும் லைன் கிளியர், அதாவது போகலாம் என்ற அனுமதி, கொடுப்பதில்லை, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான். அங்கே போனால் அதற்கடுத்தது. ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பும்போது 75 வயது, ஈசாக்கு பிறக்கும்போது 100. நடுவில் பொறுக்க முடியாமல், மனைவியின் அடிமைப்பெண் ஆகாரிடம் 86 வயதில் பிள்ளை பெற்று, தானே ஒரு வழி பண்ணினார், அதில் ஆகாரும் அவள் பிள்ளையும் பட்ட பாடு வேதத்தில் இருக்கிறது.

நிறுத்தி வைப்பதுகூட ஒரு நடத்துதல் என்பதை எங்கள் பாதையே 2023 டிசம்பரில் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. 17-ம் தேதி ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். உள்ளே சுமார் 800 பேர். எங்கள் வீட்டிலும் தண்ணீர், கரண்ட் இல்லை, நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் பிள்ளைகுட்டியோடு இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட ராத்திரியாக இருந்திருக்கும்! முன்னாலே செய்துங்கநல்லூர் பக்கம் ஜல்லியெல்லாம் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரயில்வேக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்குள்ளேயே சோறாக்கிக் கொடுத்தார்கள். எல்லோரும் வெளியே வர 19-ம் தேதி ஆனது. ஆனால் இதை வைத்து, துக்க வீட்டில் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதீர்கள். அதே வெள்ளத்தில் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அங்கே போனால் உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

எப்போது காத்திருப்பை முடிப்பது? இதில் என் மகள் எனக்கு நேர் எதிர். நர்ஸ் படிப்பு. அரசு வேலைக்கென்று வருஷக்கணக்காக ஜெபித்தாள். கடைசியில் தருமபுரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தப் பணி வந்தது. தூரம். இன்னும் ஓர் அடையாளம் வேண்டும் என்றாள். வேதத்தில் கிதியோன் அடையாளத்துக்காகத் தோலை ஒரு தடவை நனைந்திருக்கவும் மறு தடவை காய்ந்திருக்கவும் கேட்ட மாதிரி, ஒன்று கிடைத்ததும் இன்னொன்று கேட்டாள். வசனம் பார்த்தாயிற்று, ஐயரிடம் கேட்டாயிற்று, தெரிந்தவர்களை விசாரித்தாயிற்று, இரண்டு வாரமாக அவள் நோட்டில் 'சமாதானம்' என்றுதான் இருக்கிறது. சேரக் கொடுத்த நாளில் மூன்று நாள்தான் பாக்கி. அவள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "சிக்னல் விழுந்த பொறவும் எடுக்காம நிக்க வண்டிக்கு என்னட்டி பேரு?" என்றாள். மகள் சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு என் நோட்டில் இருக்கிற வரி: "4.15. மகள் கையெழுத்துப் போட்டாள். நூலோடு சேர்த்து என் பேனாவைக் கொண்டுபோய்விட்டாள்."