மலைப்பாதையில் குரங்குக்குத் தீனி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி மெதுவானதும் நாட்டுக்குரங்குகள் தடுப்புச்சுவரில் வந்து உட்காரும். கார் கண்ணாடி இறங்கினால் தீனி வரும் என்று அவற்றைப் பழக்கியது நாம்தான்.

"பாவம், பசியோடு இருக்கு" என்று கொடுப்பது முதல் தவறு. அத்தி, நாவல், கொழுந்து, பூச்சி என்று பகலெல்லாம் தேடித் தின்னும் உயிர் அது. ஒரு பிஸ்கட் பாக்கெட் அந்த வேலையைச் சில நிமிடத்தில் முடித்துவிட்டால் காட்டுக்குள் எதற்குப் போக வேண்டும்? ரோட்டிலேயே காத்துக் கிடக்கும், வண்டியில் அடிபடும். குட்டிக்கென்று வீசினாலும் பாய்ந்து எடுப்பது பெரும்பாலும் பெரிய கடுவன்தான். குறுக்கே நிற்கும் தாய்க்குக் கடி விழும்.

இதைவிடப் பெரிய தவறு, பயந்து கொடுப்பது. பிரியப்பட்டுக் கொடுத்தால் மனிதரிடம் தீனி உண்டு என்று தெரிந்துகொள்ளும். உறுமியதும் கொடுத்தால் உறுமினால் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் சமாளித்துவிட்டுக் கடைசியில் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். விடாமல் மிரட்டினால் பலன் உண்டு என்று அதற்கு உறுதியாகிவிடும். பாலித் தீவின் உளுவாட்டு கோவில் குரங்குகள் மூக்குக்கண்ணாடியையும் செல்போனையும் பறித்துக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தருகின்றன. எந்தப் பொருளுக்கு மனிதர் அதிகம் பதறுவார் என்று வளர்ந்த குரங்குகளுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். சலசலக்கும் கேரி பேக்தான் முதல் இலக்கு. தின்பண்டம் டிக்கியில் இருக்கட்டும். பிடுங்க வந்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். அதுவும் அதற்கு ஒரு பாடம்தான். ஆனாலும் கடி வாங்குவதைவிட மேல். வாயைத் திறந்து முறைத்தால் பதிலுக்கு முறைக்காதீர்கள், முதுகைக் காட்டி ஓடவும் கூடாது. வெறும் உள்ளங்கையைக் காட்டி மெல்லப் பின்வாங்குங்கள்.

மனிதர்களும் மாறிவிடுகிறார்கள். குரங்குக்கென்றே கடலைப் பொட்டலம் விற்கும் கடை முளைக்கும்; அதே ஊரில் குரங்கு ஓடு பிரித்த வீட்டின் சொந்தக்காரர் கவண் எடுப்பார். பிறகு "பிடித்து வேறு காட்டில் விடுங்கள்" என்று மனு போகும். மனிதத் தீனிக்குப் பழகிய கூட்டம் விட்ட இடத்திலிருந்து பக்கத்து ஊருக்கு இறங்கும். காலியான இடத்துக்கு வேறு கூட்டம் வரும். தீனியை நிறுத்தினால் முதலில் தொல்லை கூடத்தான் செய்யும். அப்போது மனமிரங்கி ஒருவர் கொடுத்தாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். திறந்த குப்பைத்தொட்டியை மூடாவிட்டாலும் அதே கதைதான்.

கடியோ கீறலோ பட்டால் மஞ்சள், காப்பித்தூள் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) ஊசியும் தேவை. தோலில் போடும் தடுப்பூசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும். காயம் ஆறிவிட்டதென்று 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.